ஆடியில் பாஸ் ஆன சுவர்

போன வாரம் தடுப்புச் சுவர் வேலை பார்க்கிற நம் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, "அண்ணாச்சி, பக்கத்து ரூம் சத்தம் கேக்காம இருக்க எந்த போர்டு நல்லது?" என்று கேட்டிருந்தார். கேட்ட அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு போர்டின் பெயரைச் சொல்லி, பிறகு அவர்களுக்குள்ளேயே சண்டையும் போட்டுக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சின்ன எழுத்துகளைத் தட்டி ஒரு வரி எழுத எனக்கு ஒரு பொழுது ஆகும் என்பது ஒரு காரணம். அதோடு, என்னிடம் உள்ள பதில் ஒரு வரியில் அடங்காது. அதில் ஒரு போலீஸ்காரர் வருகிறார், இரண்டு ஆடுகள் வருகின்றன, ஒரு தண்ணீர்த் தொட்டி வருகிறது. அதனால் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தென்காசியைச் சுற்றி இருபத்தாறு வருஷம் தடுப்புச் சுவரும் சீலிங்கும் போட்டவன் நான். முழங்கால் போனபிறகுதான் ஏணியை விட்டேன். எந்த போர்டு, எவ்வளவு தடிமன், உள்ளே என்ன பஞ்சு என்பதையெல்லாம் கடைக்காரர் சொல்லிவிடுவார், இல்லாவிட்டால் உங்கள் போனே சொல்லிவிடும். நான் சொல்ல வருவது அவர்கள் யாரும் சொல்லாத விஷயம். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் உங்கள் மூஞ்சியைப் பார்ப்பார். "எல்லாம் சரியா இருக்கா?" என்பார். அந்த இடத்தில் வாயைத் திறப்பதற்கு முன்னால் என்ன யோசிக்க வேண்டும் என்பதுதான் அது.

ஆரம்பத்தில் நானும் அரைகுறைதான், அதை மறைக்கப் போவதில்லை. அச்சன்புதூரில் ஒருவருடைய மகன் மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்தான். சத்தம் தாங்காமல் அடுத்த அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டச் சொன்னார். எனக்கும் அப்போது விவரம் போதாது, ஒட்டிவிட்டேன். மிருதங்கம் முன்னைப் போலவே கேட்டது. அட்டைக்குழிக்கு ஒன்றாகப் பல்லிகள் குடியேறியதுதான் மிச்சம். மிருதங்கத்தோடு இப்போது பல்லியும் சத்தம் போடுகிறது என்று அவர் என்னிடம் வந்து புகார் சொன்னார். அந்த மாதிரித் தப்பை யாராவது எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்ளலாம். எஸ்.ஐ. வீட்டில் நான் செய்த தப்பு அப்படிப்பட்டதல்ல, அங்கே எடுத்துச் சொல்லியும் நான் காதில் வாங்கவில்லை.

குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற வழியில் அவர் வீடு. போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எஸ்.ஐ. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. வாழ்நாள் முழுக்க மைதானத்தில் நின்று பரேடு நடத்திய தொண்டை அது. அவர் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சொல்வது அடுத்த தெருவில் செய்தியாக விழும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

அவர் வீட்டு ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே பழைய ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்று இருந்தது. அவருடைய ஒரே மகள் கோமதியைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அண்ணாச்சி மனைவியை அறைக்குள் கூட்டிப்போய், தன் கணக்குப்படி காதோடு காதாக, "மாப்பிள்ளை நடந்து வாறதைப் பாத்தா ரிமாண்டுக்குக் கொண்டு போற ஆளு மாதிரில்லா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்து பார்த்தால் ஹால் காலி. பாதி குடித்த காப்பி டம்ளர்கள் மட்டும் இருந்தன.

மறுநாளே எனக்குப் போன் வந்தது. "ஏ கான்ட்ராக்டரே, எங்க வீட்டுச் சுவரு எல்லாத்தையும் வெளிய சொல்லிருது. அதைக் கொஞ்சம் கவனிக்கணும்."

போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். பழைய தடுப்பை நான் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "சுவத்தை மாத்துததுக்குப் பதிலா இவுகளை மாத்த முடியுமான்னு பாருங்க தம்பி" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

காப்பி கொடுக்கும்போது அவரே இன்னொரு விஷயமும் சொன்னார். கோமதி தென்காசியில் ஒரு லேப்பில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்த்தாள். அவளுக்கு அச்சன்புதூர்ப் பக்கத்து மாட்டு டாக்டர் ஒருவரைப் பிடித்திருந்தது. அண்ணாச்சி வளர்த்த இரண்டு ஆடுகளைப் பார்க்க ஒருமுறை வந்த டாக்டர், பிறகு அடிக்கடி வரத் தொடங்கினார். ஆடுகளுக்கு ஒரு நோயும் கிடையாது. குற்றாலத்திலேயே அவ்வளவு ஊசி வாங்கிய ஆரோக்கியமான ஆடு வேறு இருந்திருக்காது. "அவுக வீட்டுல இருந்து முறையா வந்து கேப்பாக தம்பி. அன்னைக்கு இந்தச் சுவரு கழுத்தறுத்துரக் கூடாது. பிள்ளை தாங்காது" என்றார் மதினி. எதற்காக இந்தச் சுவர் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. தெரிந்தும் கோட்டைவிட்டேன் என்பதால்தான் இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆடி மாதம் வேலையை முடித்தேன். கனமான போர்டு, உள்ளே பஞ்சு, கதவுக்கு அடியில் ரப்பர் என்று எல்லாம் போட்டேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. ஹாலுக்கும் அறைக்கும் மேலே ஒரே சீலிங்காக ஏற்கெனவே யாரோ போட்டு வைத்திருந்தார்கள். நான் கட்டிய சுவர் அந்த சீலிங் வரை போய் நின்றுவிட்டது. சீலிங்குக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குச் சந்து திறந்தே கிடந்தது. சீலிங்கை உடைத்து, சுவரைக் கான்கிரீட் வரைக்கும் ஏற்றியிருக்க வேண்டும். நன்றாக இருந்த சீலிங்கை உடைக்க அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை, எனக்குச் சோம்பல். சத்தம் என்ன ஏணி வைத்து ஏறியா வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சோதனை நாள் வந்தது. உங்களுக்கு நம்ம ஊர் ஆடி மாதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சீசன் உச்சத்தில் இருந்தது. ஐந்தருவி கொட்டுகிற இரைச்சல் வீட்டுக்குள்ளேயே நின்றது. சாரல் ஆட்டுக்கொட்டகைத் தகரத்தில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. காற்று வேறு கதவை ஆட்டியது. அண்ணாச்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். நானும் மதினியும் ஹாலில் நின்றோம். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாத்தியளா மதினி, ஊசி முனை அளவுக்குக்கூடச் சத்தம் வரல" என்றேன்.

"என்ன சொல்லுதிய?" என்றார் மதினி.

கிட்டே போய்ச் சத்தமாகத் திரும்பச் சொன்னேன். "நீங்க பக்கத்துல நின்னு பேசுததே எனக்குக் கேக்கல. தண்ணி குறையட்டும் தம்பி, அப்புறம் பாப்போம்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். மதினிக்கு இந்த வேலையைப் பற்றி என்ன தெரியும் என்ற சிரிப்பு அது. நான் எப்போதும் வேலை முடிந்ததும் ஒரு தாளில் 'பாஸ்' என்று எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, நானும் போட்டுக் கொடுப்பேன். அன்றும் அப்படியே செய்தேன். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார், தோள்பட்டை இறங்கிவிட்டது. அந்தத் தாளை லேமினேஷன் செய்து பீரோவில் வைத்துக்கொண்டார்.

மாசி மாதம் மாட்டு டாக்டர் வீட்டார் வருவதாகச் செய்தி வந்தது. அண்ணாச்சி என்னையும் வரச் சொன்னார். "நம்ம சுவத்தைக் கட்டின ஆளு, நீ இல்லாம எப்படி?" என்றார். எனக்கும் பெருமைதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

மாசியில் குற்றாலம் எப்படி இருக்கும்? அருவியில் பாறைதான் தெரியும். தெருவில் ஆளில்லை, கடைகளில் பாதி பூட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டில் கடுகு தாளிப்பது நமக்குக் கேட்கும். நான் அந்த ஹாலில் போய் உட்கார்ந்தபோதுகூட இது எனக்கு உறைக்கவில்லை. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை டாக்டர் வந்திருந்தார், நல்ல பையன், கூச்சமாகச் சிரித்தார். அவருடைய அப்பா பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது வயல் பார்க்கிறவர். அம்மாதான் ஆள் வேறு மாதிரி. வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். கோமதி கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடவே இல்லை. "எடுத்துக்கிடுங்க" என்று மதினி மூன்று தடவை சொல்லியும் தலையை மட்டும் ஆட்டினார். கோமதி உள்ளே போகும்போது அந்தத் தொடாத டம்ளரையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா வேண்டாம் என்று எழுந்தால் கதை முடிந்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதினியைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு எழுந்தார். போகிற போக்கில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மின்விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. அந்த அமைதியில், எங்கள் தலைக்கு மேலிருந்து அசரீரி மாதிரி ஒரு குரல் இறங்கியது.

"ஏட்டி, முறுக்கு நமுத்துப் போயிருக்கு."

சீலிங்கில் ஒரு விளக்கு பழுதாகிக் கழற்றியிருந்தார்கள். அந்தத் துளை சரியாக மாப்பிள்ளையின் அம்மா தலைக்கு மேலே இருந்தது. குரல் அதன் வழியாகத்தான் வந்தது. அந்த அம்மா மெதுவாக நிமிர்ந்து துளையைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த முறுக்கைப் பார்த்தார். அறைக்குள் பேசிய பேச்சு சீலிங்குக்கு மேலே ஏறி, நான் அடைக்காமல் விட்ட சந்து வழியாகத் தவழ்ந்து, இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. முறுக்கைப் பற்றிச் சொல்லி முடித்தால் அடுத்து ஆளைப் பற்றித்தான் சொல்வார். அவர் ஆட்களைப் பற்றிச் சொல்கிற லட்சணம் எனக்குத் தெரியும்.

தம்பிகளே, நெருக்கடி என்றால் நமக்குத் தெரிந்த வித்தை எல்லாம் ஞாபகம் வரும் என்று நினைக்காதீர்கள். எனக்கு முதலில் இருமல்தான் ஞாபகம் வந்தது. இருமினேன். மாப்பிள்ளையின் அப்பா தண்ணீர்ச் செம்பை நீட்டினார். குடித்துத்தான் ஆக வேண்டும், குடிக்கும்போது இரும முடியாது. டி.வி. போடலாம் என்றால் கரண்ட் இல்லை. கதவைத் தட்டி, "அண்ணாச்சி, நீங்க பேசுதது எல்லாம் இங்கன கேக்குது" என்று சொல்வதுதான் யோக்கியமான காரியம். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பீரோவுக்குள் என் கையெழுத்து லேமினேஷனில் இருந்தது.

அப்போதுதான் ஆடி மாதத்து இரைச்சல் என் மண்டையில் ஓடியது. அந்தச் சத்தம் இருந்தவரைக்கும் இந்தச் சுவர் பாஸ். அப்படியானால் அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்துவிட்டால்?

"இந்தா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். முழங்கால் வலி அன்று எங்கே போனது என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கழுவிவிடுகிற குழாய் ஒன்று இருக்கும், அதன் மூடியைத் திருகித் திறந்தேன். தொட்டி நிறைய தண்ணீர். மாடி ஓரத்திலிருந்து நேரே ஆட்டுக்கொட்டகைத் தகரத்தில் விழுந்தது பாருங்கள், அப்படி ஒரு சத்தம். எனக்கே ஐந்தருவியில் நிற்கிற மாதிரி இருந்தது. மாசி மாதத்தில் குற்றாலத்தில் தண்ணீர் விழவைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆடுகளை நான் யோசிக்கவில்லை. இரண்டும் அலறிக்கொண்டு கயிற்றை அறுத்து முற்றத்தில் பாய்ந்தன. ஆட்டுக் குரல் கேட்டதும் டாக்டருக்குத் தொழில் புத்தி வந்து வெளியே ஓடினார். அடுக்களையிலிருந்து கோமதியும் ஓடிவந்தாள். இரண்டு பேரும் நனைந்துகொண்டே ஆளுக்கொரு ஆட்டைப் பிடித்தார்கள்.

நான் கால்சட்டை நனைந்து ஹாலுக்குத் திரும்பினேன். மாப்பிள்ளையின் அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பளீரென்று வெயில்.

"மழையில மாட்டிக்கிட்டியளோ?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, திடீர்னு வந்துட்டு."

"இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லையே."

"குத்தாலத்துல அப்படித்தான். வீட்டுக்கு ஒரு பக்கம்தான் பெய்யும்."

பட்டாளத்து ஆள், யாராவது அழுத்திச் சொன்னால் நம்பிப் பழக்கம் போலிருக்கிறது. "நல்ல காரியம் பேச வந்த இடத்துல மழை பெய்யுது. நல்ல சகுனம்" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா அதற்கும் உதட்டைப் பிரிக்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் மேலேயிருந்து எந்தக் குரலும் கேட்கவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அந்த நிம்மதியில் இரண்டு விஷயங்கள் எனக்குத் தோன்றாமல் போயின. சத்தமான இடத்தில் மனிதன் தன் குரலைத் தானாக உயர்த்துவான். அதுவரை ரகசியம் பேசிக்கொண்டிருந்த அண்ணாச்சி, மழைச் சத்தம் கேட்டதும் தைரியமாகத் தன் சொந்தக் குரலுக்குப் போய்விட்டார். அடுத்தது, தொட்டி அருவி கிடையாது. அதில் இருக்கிற தண்ணீர் தீரும், தீர்ந்தால் மோட்டார் போடக் கரண்ட் இல்லை.

தகரத்துச் சத்தம் மெலிந்தது. நான் பாதி எழுந்தேன். சொட்டுச் சொட்டாகி, நின்றேபோனது. நின்ற அந்த நொடியில் துளை வழியாக அண்ணாச்சியின் முழுக் குரலும் ஹாலில் இறங்கியது.

"பையன் தங்கம்ட்டி. அந்த அம்மாவைப் பாத்தாத்தான் எனக்குக் கை காலு நடுங்குது. சர்வீஸ்ல எந்த எஸ்.பி. முன்னாலயும் நான் இப்படி நின்னதில்ல."

"மெதுவாப் பேசுங்க" இது மதினி.

"எவனுக்குக் கேக்கப் போவுது? சுவரு பாஸுன்னு கான்ட்ராக்டர் எழுதியில்லா குடுத்திருக்கான்."

நான் தரையைப் பார்த்தேன். தரை பிளக்கிற மாதிரி இல்லை.

குரல் நிற்கவில்லை. "கோமதிக்கு அந்தப் பயலைத்தான் பிடிச்சிருக்கு. ஆட்டுக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரியாதுன்னு நீங்க ரெண்டு பேரும் நினைச்சுக்கிட்டிருக்கிய. அந்த அம்மா வேண்டாம்னு எந்திரிச்சிட்டா பிள்ளை உடைஞ்சு போயிருவாட்டி. நான் யூனிபாரத்தை எடுத்து மாட்டிக்கிட்டு அவுக காலுல வேணும்னாலும் விழுந்துருதேன். எனக்கு அவமானம் ஒண்ணும் இல்ல."

அதைக் கேட்டதும் சுவரைப் பற்றிய கவலைகூட எனக்கு ஒரு நொடி மறந்துபோனது.

அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஆறிப்போன காப்பியை எடுத்தார். ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கி மெதுவாகக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு அண்ணாந்து, சீலிங்கில் இருந்த துளையைப் பார்த்துப் பேசினார்.

"சம்மந்தி, காலுல ஒண்ணும் விழ வேண்டாம். இங்கன வாங்க, பேசுவோம்."

வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. சம்பந்தி என்ற வார்த்தையைச் சொன்னபிறகு பெண் பார்ப்பதில் பேச வேறென்ன இருக்கிறது? பிறகு துளையிலிருந்து பவ்யமாக, "சரிங்கம்மா" என்று வந்தது. தொடர்ந்து, "ஏட்டி, இப்ப யாரு பேசினா?" என்றும் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கை காலு நடுங்குதுன்னு சொன்னாகளே, எனக்குக் கல்யாணமான நாள்ல இருந்து அப்படித்தான் இருக்கு" என்றார். அந்த அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதிய" என்றார். விஷயம் இவ்வளவுதான். இரண்டு நாள் முன்னால் கடைவாய்ப்பல் பிடுங்கியிருக்கிறார். வாயைத் திறந்தால் வலி. சூடாக எதுவும் குடிக்கக்கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்ததால் காப்பி ஆறட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் ஒரு வீடே நடுங்கிப்போயிருந்தது.

டாக்டரும் கோமதியும் ஆளுக்கொரு ஆட்டோடு வாசலில் வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவத்தான் வீட்டில் தண்ணீர் இல்லை.

அவர்கள் போனபிறகு நான் அண்ணாச்சியிடம் போனேன். "அண்ணாச்சி, அது மழை இல்ல. சுவரும் பாஸ் இல்ல. ரெண்டும் என் வேலைதான்" என்றேன். அவர் என்னைக் குற்றவாளியைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார். பீரோவைத் திறந்து லேமினேஷன் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். மதினி அடுக்களை வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே சீலிங்கை உடைத்து, சுவரைக் கான்கிரீட் வரைக்கும் ஏற்றினேன்.

பங்குனி பிறந்ததுமே கல்யாணம் நடந்தது. குத்துக்கல்வலசையில் இளசுகள் ஒரு வீடு பார்த்தார்கள். டாக்டருடைய அப்பா அம்மாவும் கூடவே இருக்கப் போகிறார்கள் என்பதால் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். கோமதி என்னைத்தான் கூப்பிட்டாள். "சித்தப்பா, ரெண்டே கண்டிஷன். சுவரு மேல வரைக்கும் போவணும். இந்தப் பங்குனியிலயே, மத்தியானம், ஃபேனை நிறுத்திட்டுத்தான் டெஸ்ட்" என்றாள்.

அப்படியே செய்தேன். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. அன்று காலைதான் கோமதியின் சாமான்களைக் குற்றாலத்திலிருந்து கொண்டுவந்து அந்த அறையில் இறக்கியிருந்தார்கள். சத்தம் போட நம்மிடம் அண்ணாச்சியைவிட நல்ல கருவி ஏது? அவரை அறைக்குள் அனுப்பினேன். "முதல்ல ரகசியமாப் பேசுங்க, அப்புறம் சாதாரணமா, கடைசியில பரேடுல கத்துவியளே, அது" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். கதவைச் சாத்தினேன். ஹாலில் நானும் மதினியும் நின்றோம். மின்விசிறி நிறுத்தியாயிற்று. வேர்வை காதோரம் இறங்கியது. ஓர் ஈ பறந்தால் கேட்கும். அறையிலிருந்து எதுவும் வரவில்லை. ரகசியமும் இல்லை, பேச்சும் இல்லை, பரேடும் இல்லை.

என் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு சுவர் நான் கட்டியதில்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன்.

"இதுக்கும் பாஸ் போட்டுட்டியளா தம்பி?" என்றார் மதினி.

"ஒரு சத்தமும் வரலையே மதினி."

"போயிக் கதவைத் திறந்து பாருங்க."

திறந்தேன். அண்ணாச்சி அறை நடுவே எனக்கு முதுகைக் காட்டி நின்றார். எதிரே கோமதியின் பழைய படிப்பு மேஜை, அதன்மேல் அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள், ஒரு பெட்டி. துண்டால் மூஞ்சியை மூடிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"பேசினியளா அண்ணாச்சி?"

இல்லை என்று தலையாட்டினார். சாமான் இறங்கிய அந்த அறையைப் பார்த்தபிறகுதான், மகள் இனிமேல் தன் வீட்டில் இல்லை என்பது அந்த மனிதருக்கு உறைத்திருக்கிறது. நான் வெளியே நின்று, அவர் அழுகிற நேரத்தை என் சுவரின் திறமை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மதினி உள்ளே வந்தார். அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் கோமதியின் பெட்டிமேல் உட்கார வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இவுக கண்ணுல தண்ணி குறையட்டும் தம்பி, அப்புறம் பாப்போம்" என்றார்.

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. தாளில் மதினி சொன்னதை அப்படியே எழுதி, அவரிடமே நீட்டினேன். ஆடி மாதத்திலேயே அவரிடம் நீட்டியிருக்க வேண்டிய தாள் அது. அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அத்தனை நாளும் மதினி, மதினி என்று கூப்பிட்டவரின் பெயரை நான் அன்றுதான் படித்தேன்.